முகம் களைந்த நாள்

வரிசை நகரவில்லை. அணைஞ்சபெருமாள் முன்னால் நின்றவனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் ஒரு மச்சம், மச்சத்தில் இரண்டு முடி. பாறையடி அம்மன் கோயிலுக்குள் ஆம்பிளைகள் சட்டை போடக் கூடாது, அதனால் ஊரில் யார் முதுகு எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய சட்டையும் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தது. சட்டைப்பையில் செல்போன். அது அடிக்கிறதோ என்று அடிக்கடி கையை வைத்துப் பார்த்தார். அடிக்கவில்லை. அடிக்காமல் இருப்பது நல்லதா கெட்டதா என்று பிடிபடவில்லை. தங்கச்சி தங்கம் தேறிவிட்டாள் என்பதால் அடிக்காமல் இருக்கலாம். எல்லாம் முடிந்துபோய், இனி இந்த மனுஷனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டதாலும் இருக்கலாம். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அடித்தது. வாயில் நுரையோடு எடுத்தார். "மாமா, நான் நிலா பேசுதேன்" என்றது ஒரு குரல். எந்த நிலா என்று கேட்க வாயில் இடமில்லை. "தங்கத்தோட மக" என்றது. நுரையை அப்படியே விழுங்கிவிட்டார். அந்த இனிப்பு இன்னும் தொண்டையில் நின்றது.

"அம்மாவ நாகர்கோயில்ல ஆஸ்பத்திரில வச்சிருக்கோம் மாமா. இன்னைக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லுதாவ. ஒங்களப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே கெடக்கா."

தங்கை பெற்ற பிள்ளையின் குரலை அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. அது அச்சு அசலாகத் தங்கத்தின் குரலாக இருந்ததுதான் வம்பு. படுக்கையில் கிடக்கிறவள் எழுந்து வந்து தன்னைப் பற்றித் தானே பேசுவது போலிருந்தது. என்ன பதில் சொல்வதென்று யோசிப்பதற்குள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அம்மன்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்." எத்தனையோ வருஷமாக எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். வாடகைப் பாத்திரக்கடை போட, கடையைப் பக்கத்துக் கடை வரைக்கும் நீட்ட, மகனை வெளியூர் காலேஜில் சேர்க்க, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ள. நேரே கோயிலுக்கு வருவார், அம்மனின் வெள்ளி முகத்தைப் பார்ப்பார். சிரித்தால் சரி, முறைத்தால் வேண்டாம். கல்யாணத்துக்கு ஒரு அண்டா கேட்டால்கூட அண்ணாச்சி அம்மனைக் கேட்டுத்தான் தருவார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியில் அவருக்கு உள்ளூரப் பெருமை. தன் இஷ்டத்துக்கு ஆடாத மனுஷன் என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்வார். போனை வைத்து, வாய் கொப்பளித்து, துண்டை எடுத்த பிறகுதான் உறைத்தது. இன்றைக்குத் தை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. இன்றைக்கு அம்மனுக்கு முகம் கிடையாது.

வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் அப்படி. வெள்ளி முகத்தைக் களைந்து வெளியே வைத்துவிடுவார்கள். உள்ளே இருப்பது பாறை மட்டும். யாரும் செதுக்காதது, தரையிலிருந்து தானாக முளைத்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய்த் தன் கையாலேயே எண்ணெய் சாத்தலாம். மறுநாள் விடிந்தால் முகம் திரும்ப ஏறிவிடும், பிறகு பூசாரியைத் தவிர யாரும் கிட்டே போக முடியாது. ஊரே இந்த நாளுக்காகக் காத்துக் கிடக்கும். அணைஞ்சபெருமாள் மட்டும் இந்த நாளில் கோயில் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரே ஒரு தடவை அப்பா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். எண்ணெய் வழிகிற கறுப்புக் கல்முண்டு ஒன்றைக் காட்டிக் கும்பிடச் சொன்னார். சாமி எங்கேப்பா என்று இவர் அழுதார். அழுகையை நிறுத்த அப்பா அவசரமாகச் சொன்னார், "நாளைக்கு வந்துரும்ல." மறுநாள் வந்துவிட்டது. அதோடு அவருக்கு விஷயம் தீர்ந்தது. முகம் இருக்கிற நாளில் சாமி இருக்கிறது, இல்லாத நாளில் எங்கேயோ போயிருக்கிறது. பிள்ளைப் பிராயத்துக் கணக்குதான், ஆனால் அதைத் திருத்த வேண்டிய அவசியம் வரவே இல்லை. இன்றைக்கு வந்திருக்கிறது. நாளைக்கு வரை தங்கம் இருப்பாளா என்று யாருக்குத் தெரியும். "கேட்டுட்டுச் சொல்லுதேன்னு சொன்னீங்கள்லா, கேக்க வாங்க" என்று மனைவி வடிவு எண்ணெய்க் கிண்ணத்தோடு முன்னால் இறங்கிவிட்டாள். இப்போது கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெண்கள் வரிசையில் நிற்கிறாள், இவரைப் பார்க்காமல்.

தங்கம் வீட்டைவிட்டுப் போய் வருஷம் இருபது ஆகப்போகிறது. ஆவுடைத்தங்கம் என்பது முழுப் பெயர். ஆவுடையை யாரும் கூப்பிட்டதில்லை. கல்யாண வீடுகளில் சீரியல் லைட் போட வருகிற மாசிலாமணியைக் கட்டிக்கொள்வேன் என்றாள். அவன் வேறு சாதி. அப்பா போய்விட்டார், வீட்டுக்குப் பெரியவர் இவர்தான். இவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. அதை இன்றைக்கும் ஒரு சாதனையாகத்தான் நினைத்துக்கொள்வார். "நீயும் தீர்மானிக்க வேண்டாம், நானும் தீர்மானிக்க வேண்டாம். அம்மன் சொல்லட்டும்" என்று கூட்டிக்கொண்டு வந்தார். இதே கோயில், இதே கயிறு. ஆம்பிளைகள் பக்கம் இவர், பொம்பிளைகள் பக்கம் அவள். பூசாரி தீபத்தைத் தூக்கிக் காட்டினார். இவர் பார்த்தார். உதடு இறுகி, கண் உருண்டு, அம்மன் முறைத்தாள். "பாத்தியா, மொறைக்கா" என்றார். தங்கம் கை கூப்பியபடியே சொன்னாள், "சிரிக்காளே அண்ணே." எங்கே சிரிக்கிறாள் என்று கேட்டார். "வாய் நெறையச் சிரிக்கா. நல்லாப் பாரு." நல்லாத்தான் பார்த்தார். முறைத்தாள். சந்தேகமே இல்லை. அப்போது அவர் வாயிலிருந்து ஒரு வாசகம் வந்தது. "நீ பாக்கது ஒம் மனசு. நான் பாக்கது அம்மன்." சொன்ன மாத்திரத்தில் அது அவருக்கே பிடித்துப்போயிற்று. பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். கடையில் உட்கார்ந்து, டீ ஆற ஆற, தங்கச்சி கதையைச் சொல்லி அந்த வாசகத்தில் கொண்டுபோய் முடிப்பார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அம்மா இறந்தபோது தங்கத்துக்குச் சொல்லி அனுப்பவில்லை. அதற்கும் அம்மனைக் கேட்டார். கேட்டாரா? சாவு வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு கோயிலுக்கு எப்படி வந்திருக்க முடியும். தீட்டு அல்லவா. அப்படியென்றால் எப்போது கேட்டார்? கேட்டதாகத்தான் இவ்வளவு நாளும் நினைவு. முறைத்தது கூட நன்றாக ஞாபகம் இருக்கிறது. வராத கோயிலில் பார்க்காத முகம் எப்படி முறைத்தது என்று அவருக்குப் புரியவில்லை. வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

மண்டபத்துக்குள் வந்ததும் வெள்ளி தேய்க்கிற பூந்திக்கொட்டைத் தண்ணீரின் வாசம் அடித்தது. வாசம் வந்த பக்கம் திரும்பினார். திரும்பியிருக்க வேண்டாம். சாக்கு விரித்து, அதில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து அம்மனின் நகைகளையும் குடையையும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியான செல்லத்தாயின் மடியில் அம்மனின் முகம் கவிழ்ந்து கிடந்தது. கவிழ்ந்து கிடந்ததால் உட்புறம் தெரிந்தது. வாடகைக்குப் போய்த் திரும்புகிற பாத்திரத்தை அணைஞ்சபெருமாள் மேலே பார்க்க மாட்டார். கவிழ்த்து அடியைப் பார்ப்பார், உள்ளே கையை விட்டுத் தடவுவார், நெளிவும் ஓட்டையும் அங்கேதான் தெரியும். அந்தப் பழக்கத்தில் கண் தன் பாட்டுக்கு உள்ளே போனது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி. கன்னம் முழுக்கச் சுத்தியல் தடம், அம்மைத் தழும்பு மாதிரி. நடுவில் ஒன்றுமில்லை. இவ்வளவு காலமும் இவர் அழுததும் கேட்டதும் நடுங்கியதும் இந்தப் பள்ளத்தின் மறுபக்கத்திடம். சீ, என்ன நினைப்பு இது, கோயிலுக்குள் நின்றுகொண்டு. கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொள்ளும்போதே அந்தச் சுத்தியல் தடம் அவரை இழுத்துக்கொண்டு போய் நாகர்கோவில் ஆசாரியின் பட்டறையில் நிறுத்தியது.

ஏனென்றால் இந்த முகம் வந்த கதை அவருக்குத் தெரியும். தெரியும் என்ன, கூடவே இருந்தவர். பழைய பித்தளை முகம் தேய்ந்து மூக்கு மழுங்கிப்போக, வெள்ளியில் புதிது செய்வதென்று கமிட்டி கூடியது. அப்பா கமிட்டியில் இருந்தார். முகம் எப்படி வேண்டும் என்று ஆசாரி கேட்டார், அவ்வளவுதான், கமிட்டி இரண்டாகப் பிளந்தது. உக்கிரமாக இருந்தால்தான் ஊர் அடங்கும் என்று பாதிப் பேர். சாந்தமாக இருந்தால்தான் பிள்ளைகள் அண்டும் என்று மீதிப் பேர். மூன்று கூட்டம் போட்டும் முடிவாகவில்லை. ஆசாரி, விடுங்க, நான் பார்த்துக்கிறேன் என்று சொல்லிவிட்டு எப்படியோ செய்துவைத்தார். முகத்தை வாங்கிவர இளவட்டமாக இருந்த இவரையும் வேனில் அனுப்பினார்கள். பட்டறையில் ஆசாரி பீடியை ஓரமாக வைத்துவிட்டு முகத்தைத் தூக்கிக் காட்டி, "தம்பி, பாத்துச் சொல்லுங்க" என்றார். இவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, அந்த வயசுத் திமிரில், "கண்ணு கொஞ்சம் சிறுசா இருக்கு ஆசாரி. பாத்தா பயம் வரணும்" என்றார். ஆசாரி கண்ணை உள்ளிருந்து தட்டித் தட்டிப் பெரிசாக்கினார். "இப்பம் போதுமா?" "போதும்." திரும்பி வருகிற வழியில் முகத்தைப் புது வேட்டியில் சுற்றிப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு புரோட்டா தின்றார்கள். சால்னா வேட்டியில் பட்டுவிட்டது என்று டிரைவர் சிரித்தது கூட ஞாபகம் இருக்கிறது. பிறகு தேன் தொட்டுக் கண் திறந்தார்கள், கண்ணாடி காட்டினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை இவர் வந்து நின்றபோது அந்தக் கண்ணைப் பார்த்து உடம்பு நடுங்கியது. நிஜமாகவே நடுங்கியது, பாசாங்கு இல்லை. எந்தக் கண் எவ்வளவு உருள வேண்டும் என்று அளவு சொன்னவரே, அந்தக் கண் உருளுகிறதே என்று பயந்து தங்கச்சியை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார். இது இவ்வளவு காலமும் தெரியாமலா இருந்தது? தெரியும். தெரிந்ததை எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பரணில் கிடக்கிற பாத்திரம் பரணில்தான் இருக்கிறது என்று தெரிந்தாலும் இறக்கிப் பார்க்காத மாதிரி.

செல்லத்தாய் மடியில் இருந்ததை நிமிர்த்தி, விபூதியைத் தொட்டு உதட்டில் தேய்த்தாள். அம்மன் சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய. அவருக்குத் தெரிந்த அம்மன் இவள் இல்லை. ஒரு கடைவாய் மேலே ஏறி, கன்னம் பூரித்து, இப்போதுதான் யாரோ ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தது போல இருந்தது. அவர் கயிற்றின் மேல் குனிந்து இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார்.

"செல்லத்தாயி, அத இந்தப் பக்கமா கொஞ்சம் திருப்பு."

"என்ன அண்ணாச்சி, நெளிஞ்சிருக்கான்னு பாக்கியளா? ஒங்க கடை அண்டா இல்ல, இது அம்மன்" என்றாள் அவள். ஆனாலும் திருப்பினாள். சிரிப்பு போய்விட்டது. உதடு இறுகி, கண் உருண்டு, பழைய ஆள் வந்துவிட்டாள். அவள் திரும்பத் தன் பக்கம் சாய்த்துத் தேய்க்க ஆரம்பித்தாள், சிரிப்பு வந்துவிட்டது. "வெளிச்சத்த மறைக்காதீங்க அண்ணாச்சி, கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க." அவர் அங்கிட்டு நின்றார். ஆசாரி இரண்டு கட்சியையும் ஏமாற்றவில்லை. ஆம்பிளைகள் நிற்கிற பக்கம் உக்கிரத்தையும் பொம்பிளைகள் நிற்கிற பக்கம் சாந்தத்தையும் வைத்துக் கமிட்டியைக் கலையாமல் காப்பாற்றியிருக்கிறார். இந்தக் கோயிலில் எந்த ஆணும் அந்தப் பக்கம் நின்றதில்லை, எந்தப் பெண்ணும் இந்தப் பக்கம் நின்றதில்லை. கயிறு அப்படி.

"ஏ வடிவு" என்று கயிற்றின் பக்கம் குனிந்து கூப்பிட்டார். அவள் திரும்பினாள். "ஒனக்கு அம்மன் எப்பவும் எப்படித் தெரிவா?"

"எப்படித் தெரிவான்னா?"

"முகம். மொறைச்சாப்ல இருக்குமா?"

"அவளுக்கு என்ன மொறைப்பு. சிரிச்ச முகந்தான்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதான்."

"நீ ஒரு நாளும் சொல்லலையே."

வடிவு கிண்ணத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நீங்க கேக்கலையே" என்றாள். அதில் கோபம் இல்லை. இல்லாததுதான் அவருக்குத் தாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவள் சிரிக்கிற அம்மனைக் கும்பிட்டுவிட்டு, முறைக்கிற அம்மனைக் கும்பிட்டுவிட்டு வருகிற புருஷனோடு ஒரே சைக்கிளில் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

அப்படியென்றால் தங்கம் பொய் சொல்லவில்லை. இது முதலில் வந்த நினைப்பு. அவள் கண்டதைச் சொன்னாள். கண்டதைச் சொன்னவளைப் பார்த்து, நீ பார்ப்பது உன் மனசு என்றார். அப்படியென்றால் அம்மன் அன்றைக்குச் சம்மதித்துவிட்டாளா? சிரித்தது நிஜம், முறைத்தது பொய் என்று ஆகுமா? அதெப்படி ஆகும், இரண்டும் ஒரே வெள்ளி. அவளுக்குச் சிரித்ததும் ஆசாரி, இவருக்கு முறைத்ததும் ஆசாரி. இத்தோடு நின்றிருந்தால்கூட ஒரு பக்கம் நிம்மதியாக இருந்திருக்கும், எல்லாப் பழியையும் ஆசாரி தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மனசு அங்கே நிற்கவில்லை. இந்தப் பக்கம் நின்றால் முறைப்புதான் தெரியும் என்றால், கடை போடும்போது சிரித்தது யார்? வடிவைப் பெண் பார்த்துவிட்டு வந்து நின்றபோது சிரித்தாளே, இதே இடத்தில் நின்றுதானே பார்த்தார். ஆபரேஷனுக்கு முந்தின நாள், பயப்படாதே என்பது போலச் சிரித்தாளே. வெள்ளியில் இல்லாத சிரிப்பு எங்கிருந்து வந்தது? அவருக்கு வேண்டியபோது வந்திருக்கிறது. வேண்டாதபோது வரவில்லை. வேண்டாதபோது வெள்ளியில் இருந்தது போதுமானதாக இருந்திருக்கிறது. அப்படியானால் இவ்வளவு காலமும் இவர் கேள்வி கேட்டு இவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தாரா, நடுவில் ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டு? தன் இஷ்டத்துக்கு ஆடாத மனுஷன். பின்னால் நின்றவன் முழங்கை முதுகில் இடித்தது. "நகருங்க அண்ணாச்சி." நகர்ந்தார்.

வருஷம் முழுக்க அந்த முகத்துக்குப் பின்னால், அந்தப் பள்ளத்தின் இருட்டில் ஒருத்தி இருந்தாளே, அவளிடம் இவர் ஒரு வார்த்தை பேசியதுண்டா? ஆசாரிக்கு முன்னால், பித்தளைக்கு முன்னால், ஊருக்கே முன்னால் இருந்தவள். அவள் யார்? அவளுக்கு முறைக்கத் தெரியுமா, சிரிக்கத் தெரியுமா, பாத்திரக்கடை என்றால் என்னவென்று தெரியுமா? யாருமே இல்லை என்றால் அது ஒரு பயம். ஆனால் இருக்கிறாள், இருந்துகொண்டு, இவர் நினைத்த எதுவாகவும் இல்லாமல் இருக்கிறாள் என்றால் அது அதைவிடப் பயம். அவள் பொறுமையாகத்தான் இருந்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தார். என் பிள்ளை ஒரு நாள் முகத்தை விட்டுவிட்டு என்னிடம் வருவான் என்று இருட்டில் காத்திருந்திருப்பாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதமாக இருந்தது. இதமாக இருந்ததே ஒரு மாதிரியாக இருந்தது. யார் சொன்னது அவள் காத்திருந்தாள் என்று? இவருக்கு இப்போது அப்படி ஒருத்தி வேண்டும், அதனால் தட்டித் தட்டி ஒருத்தியைச் செய்துகொண்டிருக்கிறார். இதுவும் ஆசாரி வேலைதான். சரி, கோபமாக இருப்பாள், தங்கத்தின் உயிரை எடுத்து எனக்குப் பாடம் சொல்லப் போகிறாள் என்று நினைத்தார். அதுவும் அதே பட்டறை, கண்ணைக் கொஞ்சம் பெரிசாக்கியாயிற்று. சரி, ஒன்றும் நினைக்காமல் இருப்போம், ஒன்றும் சொல்லாதவள் என்றே வைத்துக்கொள்வோம். வைத்துக்கொள்வோமா? வைத்துக்கொள்ள இவர் யார்? எந்தப் பக்கம் திரும்பினாலும் கையில் சுத்தியல் இருந்தது. கீழே போடத் தெரியவில்லை. தாயே, நீ எப்படி இருக்கிறாயோ அப்படி இரு, நான் நினைக்கிறதைக் கேட்காதே என்று சொல்லிப் பார்த்தார். சொன்னது சரியா என்று அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லும்போதும் உள்ளே வெள்ளி முகம்தான் வந்து நின்றது.

கருவறை வாசலில் கால் வைக்கும்போது இடுப்பில் போன் அதிர்ந்தது. அப்படியே நின்றுவிட்டார். ஓசை வராமல் வைத்திருந்ததால் வேறு யாருக்கும் தெரியவில்லை, அவர் தொடை எலும்பு வரை நடுங்கியது. எடுக்கலாம். எடுத்தால் தெரிந்துவிடும். தெரிந்தபிறகு உள்ளே போய் என்ன கேட்பது? எடுக்காமல் உள்ளே போனால், அந்த நிமிஷத்தில் அங்கே அவள் போய்க்கொண்டிருந்தால்? அதிர்ந்துகொண்டே இருந்தது. பூசாரி சுடலையாண்டி இவர் குழம்புவதைப் பார்க்க நேரமில்லாமல், "கையக் குழிங்க" என்று எண்ணெயை ஊற்றிவிட்டார். கை நிறைய நல்லெண்ணெய். இனிப் போனை எடுக்கவும் முடியாது. அதிர்வு நின்றுபோனது. பின்னாலிருந்து ஒரு நெருக்கு, உள்ளே போய் விழுந்தார்.

அவ்வளவுதான். முழங்கால் உயரப் பாறை. அன்றைக்கு அப்பா இடுப்பில் இருந்து பார்த்தபோது இருந்ததைவிடச் சின்னது. எண்ணெயில் கறுத்துப் பளபளத்தது. முகம் இல்லை, கண் இல்லை, எந்தப் பக்கம் முன்பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. உட்கார்ந்து இரண்டு கையாலும் எண்ணெயைத் தடவினார். சூடாக இருக்கும் என்று எதிர்பார்த்தார், இல்லை. குளிர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தார், அதுவும் இல்லை. இத்தனை பேர் கை பட்டதால் கையின் சூடே இருந்தது. பெருவிரலுக்கு ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. உடனே, கண் என்றது மனசு. கொஞ்சம் கீழே ஒரு விளிம்பு. உதடு. விரல் அந்த விளிம்பின் ஓரம் வரை போய், மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்று தேட ஆரம்பித்தது. அப்போதுதான் கவனித்தார், விரல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று. தீயைத் தொட்டவர் போலக் கையை எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளங்கையை மட்டும், விரலை விறைப்பாக நீட்டி, எங்கேயும் தேடாமல் சும்மா வைத்தார். பாறை இருந்தது. அவர் நினைத்தாலும் இருந்தது, நினைக்காவிட்டாலும் இருந்தது. போகட்டுமா வேண்டாமா என்று கேட்க வாயைத் திறந்தார். கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயமாக இருந்தது. எங்கிருந்து வரும் என்பது இப்போது தெரியும். வாயை மூடிக்கொண்டார். "அடுத்த ஆளுக்கு வழி விடுங்க அண்ணாச்சி" என்றார் பூசாரி. எழுந்தார், கும்பிட மறந்துவிட்டார்.

வெளிப்பிரகாரத்துக்கு வந்து போனை எடுத்தால் எண்ணெய் விரலுக்கு அது மசியவில்லை. வேட்டியில் துடைத்துத் துடைத்து அழுத்தினார். வடிவு அவளுடைய பக்கத்து வாசல் வழியாக வந்து பக்கத்தில் நின்றாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்காத ஒவ்வொரு மணியையும் எண்ணினார். கடைசியில் எடுத்தது அந்தப் பிள்ளைதான்.

"அம்மன்ட்ட கேட்டியளா மாமா?"

"அவ ஒண்ணும் சொல்லல."

"சரி மாமா. அம்மாட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிடுதேன். வச்சிருதேன்."

"ஏட்டி, வச்சிராத" என்றார். குரல் உடைந்து, பக்கத்தில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அம்மா இருக்காளா?"

"இருக்கா மாமா. முழிச்சிருக்கா. அதுக்குத்தான் அப்பமே கூப்பிட்டேன். நீங்க பேசுதியளா?"

ஏதோ உரசுகிற சத்தம். ஒரு கருவி விட்டு விட்டுக் கூவியது. பிறகு மூச்சு, பக்கத்தில், காதுக்குள்ளேயே.

"அண்ணே."

"ம்."

"சிரிச்சாளா?"

அணைஞ்சபெருமாள் மண்டபத்துப் பக்கம் பார்த்தார். சாக்கில் வெள்ளி முகம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது, இங்கிருந்து பார்த்தால் வெறும் பளபளப்பு. சிரித்தாள் என்று சொல்லிவிடலாம். சாகக் கிடக்கிறவளுக்கு அது போதும், புண்ணியம்கூட. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இன்னைக்கு அவளுக்கு முகம் இல்ல தங்கம். எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். "நான்தான் வாரேன்."

அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா, வெறும் இருமலா என்று அவருக்குத் தெரியவில்லை. போனைக் காதோடு அழுத்திக் கேட்டுப் பார்த்தார். தெரியவில்லை. நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். சட்டையை இடுப்பிலிருந்து அவிழ்த்து, எண்ணெய்க் கையாலேயே மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடினார்.